முதல் நூறு பேர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



யூடியூபில் உள்ள காணொளிகளை எல்லாம் பார்வை எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தினால், வரிசையின் சரி நடுவில் நிற்கும் காணொளி எத்தனை முறை பார்க்கப்பட்டிருக்கும்? வகுப்பில் கேட்டால் ஆயிரம் என்பார்கள், ஐந்தாயிரம் என்பார்கள். கொஞ்சம் தயங்கி யாராவது ஐந்நூறு என்பார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஈதன் சக்கர்மனும் அவருடைய குழுவினரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு தரும் விடை 39.

அதை அவர்கள் கண்டுபிடித்த வழியையும் சொல்ல வேண்டும். யூடியூபில் ஒவ்வொரு காணொளிக்கும் பதினொரு எழுத்தில் ஒரு முகவரி உண்டு. கணினியைக் கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்குவதுபோல் முகவரிகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் காணொளி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலும் காலி. விடாமல் தட்டியதில் பத்தாயிரத்துச் சொச்சம் காணொளிகள் கையில் கிடைத்தன. நிறுவனத்தின் சிபாரிசுப் பட்டியல் வழியாக நுழைந்திருந்தால் அது காட்ட விரும்பியதைத்தான் பார்த்திருப்பார்கள். இந்த வழியில் போனதால், காட்டப்படாதவையும் கணக்கில் வந்தன. பத்தாயிரம் பார்வையைத் தாண்டியவை நூற்றுக்கு நான்குகூட இல்லை. ஆனால் மொத்தப் பார்வையில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு அந்த நான்குக்குள் அடங்கிவிட்டது. ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து, ஒருவர்கூடத் திறந்து பார்க்காதவை.

இந்தக் கணக்கைக் கேட்டதும் மனசு சோர வேண்டியதில்லை. முப்பத்தொன்பது பார்வை பெற்ற காணொளிகள் எல்லாம் தோற்றுப்போனவை என்று நான் நினைக்கவில்லை. அந்த மாதிரிக் காணொளிகளில் ஒன்றைத் திறந்தால் பள்ளி ஆண்டுவிழாவில் பேத்தி ஆடிய நடனம் இருக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஏற்றிவைத்த குலதெய்வ வழிபாடு இருக்கும். ஆசிரியர் தன் வகுப்புக்கு மட்டும் போட்ட கணக்குப் பாடம் இருக்கும். முப்பது பேருக்காக எடுத்ததை முப்பது பேர் பார்த்தால் அது முழு வெற்றி. என் கவலை வேறு சிலரைப் பற்றியது. முகம் தெரியாத மக்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் வைத்திருந்து, அதற்காக உழைத்து, அந்த மக்களிடம் போய்ச் சேராதவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றியது.

அவர்களுக்கு ஊரும் உலகமும் இரண்டு ஆறுதல் சொல்கின்றன. திறமை இருந்தால் தானாக மேலே வரும் என்பது ஒன்று. எல்லாம் அதிர்ஷ்டம் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. கவனத்தைப் பங்கிடுவது ஓர் ஏற்பாடு, அதைச் சிலர் உட்கார்ந்து தீர்மானித்துச் செய்கிறார்கள், எனவே நாம் அதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

சிலரிடமே எல்லாம் போய்ச் சேர்வது புதிதல்ல. இத்தாலியின் பரேட்டோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வருமானத்திலும் சொத்திலும் இதைக் கண்டார். 1968-இல் ராபர்ட் மெர்ட்டன் அறிவியலில் கண்டார்: இருவர் ஒரே தரத்தில் வேலை செய்தாலும், ஏற்கெனவே பேர் வாங்கியவருக்கே பாராட்டு கூடுதலாகச் சேர்கிறது. அதற்கு மத்தேயு நற்செய்தியின் பெயரைச் சூட்டினார். 1999-இல் பராபாசியும் ஆல்பர்ட்டும் இணையத்தின் இணைப்புகளில் அதே போக்கைக் காட்டினார்கள். புதிதாக வருகிற ஒவ்வொரு பக்கமும் பெரும்பாலும் ஏற்கெனவே பலர் சுட்டுகிற பக்கத்தையே தானும் சுட்டுகிறது.

பொருளியலாளர்களில் இருவரை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இருவரும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகிறது. 1981-இல் ஷெர்வின் ரோசன், நட்சத்திரங்களின் வருமானம் ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்டார். நேரில் பாடினால் ஒரு மண்டபம்தான் நிறையும். இசைத்தட்டில் பாடினால் கூடுதல் உழைப்பு இல்லாமல் கோடிப் பேருக்குப் பாடலாம். அப்போது கேட்பவர் இரண்டாவது இடத்தில் இருப்பவரை ஏன் கேட்க வேண்டும்? திறமையில் இம்மி வித்தியாசம், வருமானத்தில் மலை வித்தியாசமாகிறது. நான்கு ஆண்டு கழித்து மோஷே ஆட்லர் இன்னொரு படி போனார். திறமையில் இம்மி வித்தியாசம்கூட வேண்டியதில்லை என்றார். நாம் ஒரு பாட்டை ரசிப்பதோடு நிற்பதில்லை, அதைப் பற்றி நாலு பேரிடம் பேச விரும்புகிறோம். நாலு பேருக்கும் தெரிந்த பாடகரைப் பற்றித்தான் பேச முடியும். ஆகவே சமமான திறமை உள்ளவர்களிலிருந்தும் ஒரு நட்சத்திரம் உருவாகும். டீக்கடையிலும் விடுதி அறையிலும் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று யோசித்தால், ஆட்லர் சொன்னதை மறுக்க முடியாது.

இவை எல்லாம் கொள்கை. சோதித்துப் பார்க்க முடியுமா? ஒரு பாட்டு வெற்றி பெற்ற பிறகு, உலகத்தைப் பின்னோக்கி ஓட்டி மறுபடி தொடங்கினால் அதே பாட்டு வெல்லுமா என்று யாரால் பார்க்க முடியும்? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் அதைத்தான் செய்தார்கள். 2006-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த அந்தச் சோதனை, இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் ஆகச் சிறந்தது. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அதிகம் பேர் கேட்டிராத இசைக்குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் 14,341 பேர். பாட்டைக் கேட்கலாம், மதிப்பெண் போடலாம், பிடித்தால் இறக்கிக்கொள்ளலாம். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரிந்தன. மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு உலகத்தில் இருப்பவருக்குத் தன் உலகத்தில் முன்னால் வந்தவர்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை இறக்கினார்கள் என்ற எண் தெரியும். அடுத்த உலகத்தில் நடப்பது தெரியாது. எட்டு உலகங்களும் ஒரே நாளில், ஒரே பாடல்களோடு, பூஜ்யத்தில் தொடங்கின.

எண்ணைப் பார்க்க முடிந்த உலகங்களில் ஏற்றத்தாழ்வு கூடியது, முன்னணிப் பாடல்கள் இன்னும் முன்னே போயின. அதைவிட முக்கியமானது, எல்லா உலகங்களிலும் ஒரே பாட்டு வெல்லவில்லை. பிறர் தேர்வைப் பாராமல் மக்கள் தாமாகத் தேர்ந்தபோது இருபத்தாறாவது இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னொன்றில் நாற்பதாவது இடத்துக்குப் போனது. பாட்டு அதேதான், கேட்டவர்களும் ஒரே மாதிரியானவர்கள்தான். முதலில் வந்த சிலர் எதைத் தொட்டார்கள் என்பதில்தான் வேறுபாடு. இதைக் கேட்டுவிட்டு, எல்லாம் அதிர்ஷ்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிக நல்ல பாடல்கள் எங்கும் அடிமட்டத்துக்குப் போனது அரிது. மிக மோசமானவை எங்கும் உச்சிக்கு வந்ததும் அரிது. இடைப்பட்ட பெரும் பரப்பில்தான் எது வேண்டுமானாலும் நடந்தது. நம்மில் பெரும்பாலோர் வேலை செய்வது அந்த இடைப்பட்ட பரப்பில்.

சோதனையின் ஒரு கட்டத்தில் பாடல்களை வரிசை இல்லாமல் கட்டம் கட்டமாகப் பரப்பி வைத்திருந்தார்கள். அடுத்த கட்டத்தில் அதே பாடல்களை, அதிகம் இறக்கப்பட்டது மேலே வருமாறு ஒரே பட்டியலாக அடுக்கினார்கள். ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையானது, எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்வதும் இன்னும் கடினமானது. மக்களின் ரசனை ஒரே நாளில் மாறிவிடவில்லை, பக்கத்தை அடுக்கிய முறைதான் மாறியது. சில ஆண்டு கழித்துச் சால்கனிக்கும் வாட்ஸும் எண்களைத் தலைகீழாக்கி, கடைசிப் பாட்டை முதல் பாட்டு என்று காட்டினார்கள். பெரும்பாலான பாடல்களில் அந்தப் பொய் மெய்யானது. தலைசிறந்த சில மட்டும் நாள்பட மீண்டு வந்தன. ஆனால் மொத்தத்தில் மக்கள் இறக்கிக்கொண்ட பாடல்களின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. மேலே கேட்டது பிடிக்காததால் பலர் மேற்கொண்டு தேடவில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். தவறான அடுக்கு, மேலே ஏற வேண்டிய பாடகருக்கு மட்டும் கேடு செய்வதில்லை, கேட்க வந்தவரையும் வெறுங்கையோடு அனுப்புகிறது.

இனி நம் கைப்பேசிக்கு வருவோம். அங்கே இருப்பது 48 பாடல்கள் அல்ல, ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட காணொளிகள். யூடியூப் பொறியாளர்களே 2016-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் தங்கள் முறையை விளக்கினார்கள். முதல் சல்லடை லட்சக்கணக்கான காணொளிகளிலிருந்து சில நூறைப் பொறுக்கி எடுக்கும். இரண்டாவது சல்லடை, இந்த ஆள் இதை எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று மதிப்பிட்டு அந்தச் சில நூறையும் வரிசைப்படுத்தும். பார்க்கப்படும் நேரத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இந்தச் சிபாரிசு வழியாகத்தான் வருகிறது என்று 2018-இல் அந்த நிறுவனத்தின் நிர்வாகி நீல் மோகன் சொன்னார். அதாவது நாம் தேடிப் போய்ப் பார்ப்பதைவிட நமக்கு எடுத்துப் போடப்படுவதுதான் அதிகம்.

எதை அளப்பது என்பதையும் நிறுவனமே முடிவு செய்கிறது. 2012 வரை சொடுக்குக்கு முதலிடம் இருந்தது. அந்த ஆண்டு பார்க்கும் நேரத்துக்கு, தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் வாட்ச் டைமுக்கு, முதலிடம் தந்தார்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டியதைப் பத்து நிமிடத்துக்கு இழுக்கும் பழக்கம் பரவியதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, பத்து நிமிடக் காணொளியின் நடுவே விளம்பரம் வைக்கலாம் என்ற விதி. 2020-இல் அதை எட்டு நிமிடமாகக் குறைத்தார்கள். பிறகு குறுங்காணொளிகளுக்கான ஷார்ட்ஸ் வந்தது, ஒரு நிமிடத்துக்குள் சொல்லச் சொன்னது. படைப்பின் நீளம் ஒவ்வொரு முறையும் அலுவலக முடிவுக்கு ஏற்ப நீண்டது, சுருங்கியது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் தையல் சொல்லித்தரும் சேனல் நடத்துகிறார். தையற்கடை வைத்திருந்தவர். உடம்பு அளவு எடுக்கும்போது தோள் சரிவைப் பார்க்காமல் விட்டால் பிளவுஸ் ஏன் முதுகில் தூக்கிக்கொள்கிறது என்பதை அவர் போல் யாரும் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. காணொளி போட்ட அன்று அவர் யூடியூப் ஸ்டுடியோ செயலியை மறுபடி மறுபடி திறந்து பார்ப்பார். அதில் புதிய காணொளிக்கு ஓர் இடம் தரப்படும்: அவருடைய கடைசிப் பத்துக் காணொளிகளோடு ஒப்பிட்டு, முதல் சில மணி நேரத்திலேயே, பத்தில் ஒன்று, பத்தில் எட்டு என்று. தோள் சரிவுக் காணொளி பத்தில் ஒன்பதாக நின்றது. “நல்லாத்தான் எடுத்திருக்கேன் சார், ஆனா ஓடல” என்றார். தம்ப்நெயிலை மாற்றினார், தலைப்பை மாற்றினார். எத்தனை பேர் கண்ணில் அது பட்டது, பட்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்கள் அவருக்குக் காட்டப்பட்டன. சேனல்களில் பாதிக்கு இது நூற்றுக்கு இரண்டு முதல் பத்து வரை இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. அவருடையது அந்த அளவுக்குள் இருந்தது. ஆனால் முதலில் யாருடைய கண்ணில் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள், தைக்கத் தெரிந்தவர்களிடமா, சமையல் பார்க்க வந்தவர்களிடமா, ஏன் அவர்களிடம் என்பதற்கு விடை அந்தத் திரையில் கிடையாது. அடுத்த மாதத்திலிருந்து அவர் “ஐந்து நிமிடத்தில் கட்டிங்” என்ற வகைக் காணொளிகளுக்கு மாறிவிட்டார். தோள் சரிவைப் பற்றி இன்னும் இரண்டு பகுதி சொல்வதாக இருந்தார், சொல்லவில்லை.

நான் வருந்துவது இதற்காகத்தான். பங்கீடு படைத்து முடித்ததோடு நிற்பதில்லை, அடுத்து எது படைக்கப்படும் என்பதையும் தீர்மானிக்கிறது. பத்திரிகைக் காலத்திலும் வாசலில் ஆள் இருந்தார், ஒப்புக்கொள்கிறேன். அந்த உதவி ஆசிரியர் பல நல்ல கதைகளைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் கதை திரும்பி வந்தது என்பது எழுதியவருக்குத் தெரிந்தது. யார் திருப்பினார் என்பதும் தெரிந்தது, அடுத்த இதழுக்கு அனுப்ப வழியும் இருந்தது. இன்று ஒரு காணொளி திருப்பி அனுப்பப்படுவதில்லை. அது அங்கேயே இருக்கிறது, யாரும் வருவதில்லை, குறை தன்னிடம்தான் என்று எடுத்தவர் நினைத்துக்கொள்கிறார்.

கவனத்தின் ஏற்றத்தாழ்வு பணமாகும்போது இன்னும் செங்குத்தாகிறது. 2018 ஜனவரியில் யூடியூப் விளம்பர வருமானத்துக்கு ஒரு வாசற்படி வைத்தது: ஆயிரம் சப்ஸ்கிரைபர், பன்னிரண்டு மாதத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வை. அதைத் தாண்டினால் வழக்கமான காணொளிகளின் விளம்பரப் பணத்தில் 55 விழுக்காடு படைப்பவருக்கு. அன்றைய விதிப்படி தாண்டாதவருக்கு அந்தப் பணத்தில் ஒன்றுமில்லை. ஒரே பார்வைக்கு ஒரே விலையும் இல்லை. டொரன்டோவிலிருந்து ஒரு தமிழர் பார்த்தால் வரும் விளம்பரத் தொகை, திருவாரூரிலிருந்து பார்த்தால் வராது. ஜெர்மனியின் மத்தியாஸ் பேர்ட்ல் பத்தாண்டு யூடியூப் தரவை அலசி 2018-இல் எழுதிய கட்டுரை, நூற்றுக்கு மூன்று சேனல்களுக்கே நூற்றுக்கு எண்பத்தைந்து பார்வைகள் போவதாகக் காட்டியது. முந்தி வந்த சேனல்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பதும் அதில் தெரிந்தது.

இந்த இடத்தில் நம் ஊர் வெற்றி ஒன்றை நியாயமாக எடை போட வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனது. சமையலில் பழுத்த ஒரு தாத்தா, வயல்வெளி, பெரிய அண்டா, பேச்சைக் குறைத்து வேலையைக் காட்டும் படப்பிடிப்பு. அந்த உழைப்பை அதிர்ஷ்டம் என்று சொல்வது அநியாயம். அதே சமயம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவாகி, கிராமத்துக் கைப்பேசிகள் எல்லாம் காணொளி பார்க்கத் தொடங்கிய வேளையில் அவர்கள் வந்தார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்குப் பின்னால் அதே அண்டாவோடும் அதே வயலோடும் வந்த சேனல்கள் பல. அவற்றில் நன்றாகச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

சேர்த்த கூட்டம்கூடச் சேர்த்தவருக்குச் சொந்தமில்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. தடைக்கான காரணங்களை நான் இங்கே வாதிடவில்லை. நாட்டில் டிக்டாக்கைப் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய இருபது கோடிப் பேர். சினிமாவும் தொலைக்காட்சியும் எட்டிப் பார்க்காத குக்கிராமங்களிலிருந்து அங்கே பெயர் வாங்கியவர்கள், தங்களைப் பின்தொடர்ந்தவர்களில் ஒருவருடைய முகவரியைக்கூட எடுத்துக்கொண்டு வெளியே வர முடியவில்லை. இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் சில மாதங்களுக்குள் வந்தன. ஆனால் அங்கே எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஏற்பாடு மனிதர் செய்தது என்றால் மனிதர் மாற்றவும் செய்யலாம். 2016-இல் இன்ஸ்டாகிராம் கால வரிசையை விட்டுவிட்டுத் தானே வரிசைப்படுத்தத் தொடங்கியது. 2022-இல், நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளைக் கால வரிசையில் பார்க்கும் வசதியைத் திரும்பக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய டிஜிட்டல் சேவைச் சட்டம், சிபாரிசு முறை எதை முக்கியமாகக் கருதுகிறது என்பதைத் தளங்கள் எழுத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. மிகப் பெரிய தளங்கள், தனி ஆளின் விவரங்களைச் சார்ந்திராத ஒரு வரிசையையாவது தர வேண்டும், தகுதி பெற்ற ஆய்வாளர்களுக்குத் தரவைத் திறக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. நம் நாட்டிலும் இதைக் கேட்கலாம். இவற்றோடு ஒன்றைச் சேர்த்துக் கேட்பேன்: ஒவ்வொரு புதிய காணொளிக்கும் தொடக்கத்தில் எத்தனை பேர் கண்ணில் படும் வாய்ப்பு தரப்பட்டது, எந்த அடிப்படையில் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதை எடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். முதல் நூறு பேர் யார் என்பதில் பாதி விதி எழுதப்பட்டுவிடுகிறது என்றால், அந்த நூறு பேரைத் தேர்ந்தவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு வேலையும் இருக்கிறது, அது நம்முடையது. தளங்கள் போட்ட பங்கீட்டை மற்ற நிறுவனங்களும் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. உத்தரப் பிரதேச அரசு 2024-இல் கொண்டுவந்த டிஜிட்டல் ஊடகக் கொள்கை, அரசுத் திட்டங்களைப் பற்றிக் காணொளி போடுபவர்களைப் பின்தொடர்வோர் எண்ணிக்கைப்படி நான்கு வகையாகப் பிரித்து, அதற்கேற்ப மாதத் தொகைக்கு உச்சவரம்பு வைத்தது. யூடியூப் காணொளிக்காரருக்கு அது எட்டு லட்சம் ரூபாய் வரை. பொதுமக்கள் பணமும் இப்படி ஒரு தனியார் நிறுவனத்தின் வரிசையைப் பின்பற்றிப் போகிறது. கல்லூரிகளும் அப்படித்தான் செய்கின்றன. விழாவுக்கு விருந்தினரை முடிவு செய்யும்போது முதலில் கேட்பது எத்தனை சப்ஸ்கிரைபர் என்பதைத்தான்.

நூல்களுக்கு நாம் அப்படிச் செய்வதில்லை. சாகித்திய அக்காதெமி ஒரு நூலைப் பரிசுக்கு எடுக்கும்போது எத்தனை படி விற்றது என்பதை அளவுகோலாக வைப்பதில்லை, படித்துப் பார்க்கச் சிலரை நியமிக்கிறது. காணொளிக்கும் அதையே செய்யலாம். நெற்பயிரில் புகையான் தாக்குதலைப் பற்றி விவசாயிகளுக்குச் சொல்ல ஒரு துறைக்கு ஆள் வேண்டுமென்றால், பத்து லட்சம் பேர் பார்க்கும் நகைச்சுவைச் சேனலைவிட, அந்த வட்டாரத்தில் எண்ணூறு உழவர்கள் கேள்வி கேட்டு விடை வாங்கும் சேனல் மேல். இங்கே அமர்ந்திருக்கும் துறைத்தலைவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த கருத்தரங்குக்கு ஒரு காணொளிக்காரரை அழைப்பதற்கு முன், எண்ணிக்கை தெரியாதபடி அந்தப் பகுதியை மறைத்துவிட்டு, ஐந்தாறு பேருடைய காணொளிகளை மூன்று ஆசிரியர்களும் மூன்று மாணவர்களும் முழுதாகப் பார்க்கட்டும். யாரை அழைப்பது என்று அதற்குப் பிறகு பேசட்டும்.